பூஜை முடிந்தும் எழாத கம்ப்யூட்டர்

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தே வெகுநாளாயிற்று. என் போனுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. காலை ஒன்பதரை மணி ஆனால் போதும், வாட்ஸ்அப்பில் படம் வர ஆரம்பித்துவிடும். கறுப்புத் திரை, அதில் நாலைந்து வரி வெள்ளை எழுத்து. கூடவே, "சார், இது என்ன கேக்குது?" படத்தில் இருப்பதைப் படித்தாலே என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். படிக்க மாட்டார்கள். படம் எடுக்க ஒரு விநாடி போதும், படிக்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை என் தலையில் கட்டிவிடுவார்கள்.

இந்த வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் சுகன்யா கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த சர்வீஸ் கம்பெனியில் இப்போது திருவாரூர் பக்கத்தைக் கவனிக்கிற பெண். கெட்டிக்காரிதான்.

"சார், போட்டோ அனுப்பியிருக்கேன். எஸ் குடுக்கவா, நோ குடுக்கவா?"

படத்தைப் பார்த்தேன்.

"ரெண்டும் குடுக்காதம்மா. அந்த மெஷின் யாருதுன்னு கேளு. டிஸ்க்குக்குப் பூட்டு போட்டிருக்கான்னு கேளு. சாவி நம்பர் கையில வந்தப்புறம் அதத் தொடு."

"எஸ் குடுத்தா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்களே சார்."

"சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன்."

"இதெல்லாம் ஒரு தடவ எழுதிக் குடுங்க சார், எங்க குரூப்ல போட்டுக்கறோம்" என்றாள். எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் சொந்த ஊர் குத்தாலம். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. படித்தேன். படித்து முடிப்பதற்குள் ரேடியோ ரிப்பேர் என்கிற தொழிலே படுத்துவிட்டது. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி ஒன்றில் ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும் எலி கடித்த வயரை மாற்றுவதும்தான் வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆயுத பூஜைக்கும் எங்கள் தொழிலுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். வேறு தொழில் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பலகையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. இன்றைக்கு என்ன தேதி, எந்த டிஸ்க் வட்டிலிருந்து கிளம்புவது, எந்தப் பாதுகாப்பு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதையெல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்வது அதுதான். ஏழெட்டு வருஷம் ஓடிய மெஷினில் அந்தப் பேட்டரி செத்துப்போயிருக்கும். ஆனால் பிளக் சுவரிலேயே செருகிக் கிடப்பதால் செத்தது யாருக்கும் தெரியாது. வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நம் ஆட்கள் அந்தப் பிளக்கை உருவுவார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாமிக்கு வைத்த பொருளை உடனே எடுக்கக் கூடாது. மூன்று நாளோ நான்கு நாளோ கழித்து வந்து சுவிட்சைப் போட்டால் அது இன்றைய தேதியையே மறந்திருக்கும். எங்களுக்குத் தீபாவளி அப்போதே ஆரம்பித்துவிடும். ஒரு பை நிறைய பேட்டரியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைவோம்.

என் மேலதிகாரி கமாலுதீன் சார். கூத்தாநல்லூர்க்காரர். அவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று ஆசைதான். உண்மையைச் சொன்னால் அவரோடு வேலை பார்ப்பது பெரிய இம்சை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிஷம் எதையும் தொட மாட்டார். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து சத்தமாகப் படிப்பார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. படித்ததைத் தமிழில் ஒரு தடவை சொல்வார். சொன்னதை நோட்டில் எழுதுவார். பிறகு அந்த மெஷின்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுக்குள்ள இருக்கறது போயிடுச்சுன்னா யாரு அழுவாங்க?"

ஒரு அலுவலகத்தில் இதைக் கேட்டு அங்கிருந்த மேலாளருக்குக் கோபமே வந்துவிட்டது. அங்கே முன்பிருந்த செயலாளர் மாற்றலாகிப் போகும்போது, கம்ப்யூட்டர் கிளம்பும் முன்பே கேட்கிற பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மறதியா, வன்மமா, தெரியாது. கேட்டால் போனை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் கமாலுதீன் சார் அந்தப் பாஸ்வேர்டை அழிக்கிற வேலையைச் செய்து காட்டினார். பிளக்கை உருவினார். உருவியபின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணினார், உள்ளே தங்கியிருக்கிற கொஞ்ச நஞ்ச கரண்டும் வடியட்டும் என்று. மூடியைத் திறந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் மூன்று முள் நிற்கும். முதல் இரண்டின் மேல் சின்னத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். அதைக் கழற்றி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மாட்டிப் பத்து எண்ணினார். மறுபடி பழைய இடத்தில் மாட்டினார். பாஸ்வேர்டு போய்விட்டது. கூடவே மற்ற அமைப்புகளும் போய்விட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க ஒரு மணி நேரம் ஆனது.

கடைசியில் நான் மூடியை மாட்டி நான்கு திருகையும் முடுக்கிவிட்டேன். "நான் பாக்குறதுக்கு முன்னாடி ஏன் மூடுன? கழட்டு" என்றார். கழற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தார். "சரி, மாட்டு." அவ்வளவுதான். பாராட்டு என்கிற சமாசாரம் அந்த மனிதரிடம் கிடையாது. அவர் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டுக் கைகுலுக்கினேன். மனசுக்குள், விட்டதடா சனி என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு நாளைக்கு ஆறு மெஷின் பார்த்தேன். அவர் இரண்டுதான் பார்த்திருப்பார்.

இனி மலர்விழி விஷயம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆயுத பூஜை அது. மலர்விழி ஒரு கல்லூரியில் நிரந்தரமில்லாமல், மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிற விரிவுரையாளர். அந்தக் கல்லூரி லேபுக்கு நான் சர்வீஸுக்குப் போவதால் பழக்கம். வீடு முத்துப்பேட்டையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே போகிற ஒரு ஊரில். அப்பா இல்லை. அம்மா அஞ்சம்மாள் நடவு, களை என்று கூலிக்குப் போய் மகளைப் படிக்கவைத்தவர். மலர்விழி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆற்றுப் பாசனம் கடலோரம் முடிகிற கடைமடை வயல்களில் உப்பு எப்படி ஏறுகிறது என்பது தலைப்பு. நாற்பது இடத்தில் வாய்க்கால் தண்ணீரையும் வயல் மண்ணையும் மாதா மாதம் எடுத்து அளந்திருக்கிறாள். நான்கு வருஷம். பஸ் போகாத இடங்களுக்கு வரப்பு மேலேயே நடந்திருக்கிறாள்.

அந்த அளவுகள் முதலில் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தன. நடுவில் வந்த புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போய், நோட்டெல்லாம் நனைந்து ஒட்டிப்போயிற்று. தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்து, தெரிந்த எழுத்தை வைத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். ஏற்றி முடித்ததும், பூஞ்சை பிடித்து நாறிய அந்தத் தாள்களைக் கொளுத்திவிட்டாள். அதன் பிறகு எடுத்த அளவுகள் நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான். அதுவும் புது மெஷின் இல்லை. தஞ்சாவூரில் ஒரு கடையில் வாங்கிய பழைய டெஸ்க்டாப். கடைக்காரர் அதில் வட்டுப் பூட்டின் சாவியை வைத்துக்கொள்கிற பாதுகாப்புச் சில்லை இயக்கி, புது விண்டோஸ் போட்டு, வட்டுக்கு ஒரு பூட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். பூட்டு இருப்பது அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தாள். "சார், பூஜைக்கு அப்புறம் கம்ப்யூட்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது. ஸ்கிரீன்ல என்னமோ கேக்குது. நான் எதையும் தொடல சார், அப்படியே விட்டுட்டேன். பதினோரு நாள்ல தீசிஸ் குடுக்கணும்."

இன்னொரு கல்லூரியில் ஒரு நிரந்தர இடம் அவளுக்காகக் காத்திருந்தது. தீசிஸ் கொடுத்த சான்று இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இதையும் போனிலேயே சொன்னாள். எனக்கு அந்த வாரம் முழுக்க அலைச்சல், இருபது மெஷினுக்கு மேல் பார்த்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தாலும் போனேன். அந்தப் பெண் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

மெஷினின் நெற்றியில் சந்தனம் காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. பூஜையன்று அஞ்சம்மாள்தான் துடைத்து, பிளக்கை உருவி, தன் கருக்கரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். மழையும் இடியும் பிடித்துக்கொண்டதால், பயந்துகொண்டு ஒரு வாரம் பிளக் வெளியிலேயே கிடந்திருக்கிறது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, பேட்டரி. அணைத்து, திறந்து, புதுப் பேட்டரி போட்டு, மூடி, சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் மலர்விழி போனில் சொன்ன கேள்வி வந்தது. பாதுகாப்புச் சில்லில் இருப்பது கலைந்துவிட்டது, அதை அழித்துப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்று கேட்கிறது. வட்டுக்குப் பூட்டு போட்டிருந்தால், அழித்தபின் மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறது. வேண்டாம் என்றால் இன்னொரு விசை.

அந்த வாரம் இதே கேள்வியை ஐந்தாறு மெஷினில் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் எஸ் கொடுத்தேன், எல்லாம் ஓடின. அவற்றில் பூட்டு இல்லை, அதனால் ஓடின. மலர்விழி என் பின்னால் நின்றிருந்தாள். "சார்" என்றாள். "இரும்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எஸ் கொடுத்தேன். படிக்கவில்லை. யார் அழுவார்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, போனிலேயே அவள் சொல்லியிருந்தாள்.

நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

எஸ் கொடுக்காமல் இருந்தால் கட்டாயம் திறந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திறந்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை நான் அழித்தேன்.

"என்ன சார் ஆச்சு?" என்றாள் மலர்விழி. நான் விளக்க ஆரம்பித்தேன். எனக்கு விளக்க நன்றாக வரும். பிளக் ஒரு வாரம் வெளியில் இருந்தது, உள்ளே இருந்த பேட்டரி ஏற்கெனவே தீர்ந்தது, அதனால் பாதுகாப்பு அமைப்பெல்லாம் கலைந்தது, அதனால் இப்போது சாவி கேட்கிறது. எல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

டீ டம்ளரோடு நின்ற அஞ்சம்மாள் கேட்டார்: "பிளக்க நாந்தான் சார் உருவுனேன். அப்ப என்னாலதானா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். முப்பது வருஷ சர்வீஸ், இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு, இந்த வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் நான்தான் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாம செஞ்சதுதானேம்மா, விடுங்க" என்றேன். நான் செய்த தப்புக்கு அந்த அம்மாவை நான் மன்னித்தேன்.

பதினோரு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. அந்தச் சாவி எண், பூட்டு போட்டவரின் இணையக் கணக்கில் இருக்கும். பூட்டு போட்டவர் கடைக்காரர். அவர் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போயிருந்தார். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். "அண்ணே, கடைக்குன்னு ஒரே கணக்குத் தொடங்கி எல்லா மெஷினுக்கும் அதையே போட்டேன். அந்த சிம்மு இப்ப இல்ல, பாஸ்வேர்டும் ஞாபகம் இல்ல" என்றார். நேரில் போனேன். பழைய டைரியெல்லாம் எடுத்துப் போட்டார், பாவம், நல்ல மனுஷன்தான். நினைவுக்கு வந்த பாஸ்வேர்டையெல்லாம் போட்டுப் பார்த்தோம். பழைய சிம்முக்கு வருகிற எண் இல்லாமல் அது திறக்காது என்றாகிவிட்டது. மலர்விழியிடம் இருந்தது ஒரு பென் டிரைவில் முதல் அத்தியாயமும், வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்திருந்த இருபது பக்கப் பிரிண்டும்தான்.

நிரந்தர இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. பல்கலைக்கழகம் அவகாசம் கொடுத்தது. மறுபடி ஒரு வருஷம் வரப்பில் நடந்து, நாற்பது இடத்தைப் பதினைந்தாகக் குறைத்து, சின்னத் தீசிஸ் ஒன்று கொடுத்துப் பட்டம் வாங்கினாள். இப்போதும் மணிக்கணக்குக்குத்தான் பாடம் எடுக்கிறாள். பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவாள். 'எனக்காக ரொம்ப அலைஞ்சீங்க சார்' என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். அந்தச் செய்திக்கு நான் பதில் போடவில்லை.

சுகன்யாவுக்காக எழுத ஆரம்பித்தது இதுவரை வந்தது. பேட்டரி மாற்றுவது எப்படி, எதைப் படிக்க வேண்டும், எதற்கு நோ கொடுக்க வேண்டும் என்று எழுதி முடித்திருக்கலாம். பேனா நகரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டேன், அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல். நாலு நாள் கழித்து, மழையோடு மழையாக, மன்னார்குடி போய் பஸ் மாறி முத்துப்பேட்டையில் இறங்கினேன்.

மலர்விழியும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். மழையில் களை வேலை நின்றுபோயிருந்தது. "என்ன சார், சொல்லாம கொள்ளாம இந்த மழையில. உக்காருங்க, தலையத் தொவட்டுங்க" என்று அஞ்சம்மாள் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குத் திரையில் ஒரு கேள்வி இருந்தது, அதைப் படிக்காமல் எஸ் கொடுத்தேன், அதனால்தான் பூட்டு விழுந்தது, பிளக்கை உருவியிருந்தாலும் பேட்டரியை மாற்றி நோ கொடுத்திருந்தால் திறந்திருக்க வாய்ப்பு இருந்தது என்று சொன்னேன். தெரிந்தேதான் மறைத்தேன் என்றும் சொன்னேன்.



"எனக்குத் தெரியும் சார்" என்றாள் மலர்விழி. "நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாளா அந்த ஸ்கிரீன் முன்னாடிதான உக்காந்திருந்தேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். பூட்டுன்னா என்னன்னு எனக்குப் புரியல, ஆனா திறக்காதுன்னு போட்டிருந்தது புரிஞ்சுது. நீங்க கைய வெக்கப் போறப்ப சார்னு கூப்பிட்டேன். இரும்மான்னீங்க. இவ்வளவு பெரியவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிருக்கப் போவுதுன்னு வாய மூடிக்கிட்டேன். இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கணும் சார். அத நெனச்சா எனக்கு உங்க மேல கோவமே வர மாட்டேங்குது. என் மேலதான் வருது."

மூன்று வருஷமாக ஒரே விஷயத்தை நான் இங்கேயும் அவள் அங்கேயும் மூடி வைத்திருந்திருக்கிறோம்.

அஞ்சம்மாள் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அப்ப நான் பிளக்க உருவுனதுனால இல்லயா?"

"இல்லம்மா" என்றேன்.

"ஒனக்கும் தெரியுமா?" என்று மகளிடம் கேட்டார். மலர்விழி ஆமென்று தலையை ஆட்டினாள்.

அஞ்சம்மாள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை, அழவும் இல்லை.

"எங் கையாலதான் பொண்ணு பொழப்பு கெட்டுச்சுன்னு, மூணு வருசமா ஆயுத பூசைக்கு என் அருவாளுக்குக்கூடப் பொட்டு வெக்கல நானு" என்றார். "ஒரு வார்த்த, ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல."

மலர்விழி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.